பதினோரு நிர்வாகிகள்

ஆகஸ்ட் 4, ஞாயிறு

இன்று எங்கள் முத்துமாலை நகர் நலச் சங்கத்தின் பொதுக்குழு. நான் போகவில்லை. 2016 முதல் போவதில்லை. அந்த ஆண்டு வெள்ளிவிழா மலரில் பந்தல் போட்டவர் முதல் மைக் செட்டுக்காரர் வரை முப்பத்தெட்டுப் பேருக்கு நன்றி சொன்னார்கள். சங்கத்தின் இணையதளத்தை ஒற்றை ஆளாக உருவாக்கி நடத்தி வருபவனுக்கு ஒரு வரி இல்லை. இடம் போதவில்லையாம். கடைசிப் பக்கத்தில் வெற்றிடம் இருந்தது. அளவுகோல் வைத்துப் பார்த்தேன். பதினோரு சென்டிமீட்டர்.

என் மனைவி கோமதி போனாள். செயற்குழுவில் அவள் மகளிர் பிரதிநிதி. திரும்பி வந்து வடைப் பொட்டலத்தை மேசையில் வைத்தாள்.

"வெப்சைட்ட மாத்தணும்னு தீர்மானம் போட்டுட்டாவ."

"யாரு சொன்னா?"

"செயலாளர் டீச்சர்தான். உங்க பக்கத்த போன்ல பாக்கணும்னா பூதக்கண்ணாடி வேணும்னாவ. எல்லாரும் சிரிச்சாவ."

"நீ?"

"வட சூடா இருக்கு, தின்னுங்க."

செயலாளர் ஜெபராணி டீச்சர் ஓய்வு பெற்ற தலைமையாசிரியை. அவருக்கு வேண்டியது, ஒவ்வொருவரும் தாமே செய்தி எழுதிப் போடும் வசதி. அதற்கென்று இலவசமாக, யாரும் திறந்து பார்த்துத் திருத்தக்கூடிய திறந்த மூலமாகக் கிடைக்கும் மென்பொருள்கள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து நிறுவ வேண்டும். தேர்ந்தெடுக்க வேண்டியவர் யார்? நான்தான். இந்த இருநூற்றுப் பதினான்கு வீட்டில் வேறு யாருக்குத் தெரியும்? என் கழுத்துக்குக் கயிற்றை நானே திரித்துத் தர வேண்டுமாம்.

சம்மதம் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். வடை இரண்டு தின்றேன்.

ஆகஸ்ட் 5, திங்கள்

கோபமில்லாமல் சில விவரங்களைக் குறித்து வைக்கிறேன்.

நான் மோட்டார் காயில் கட்டும் பட்டறை வைத்திருந்தவன். ஐம்பத்தைந்து வயதில், ஜங்ஷன் பக்கம் பழைய புத்தகக் கடையில் அட்டை கிழிந்த ஒரு புத்தகம் வாங்கி, இணையப் பக்கம் எழுதக் கற்றுக்கொண்டேன். யாரும் சொல்லித் தரவில்லை. பதினாறு ஆண்டுகளாகத் தினமும் காலையில் எந்தத் தெருவுக்குத் தண்ணீர் என்ற பட்டியல் முதல், யார் வீட்டில் கல்யாணம், யார் தவறிப்போனார் என்பது வரை ஒவ்வொரு எழுத்தும் என் விரலால் அடித்தது. தளத்தின் கடவுச்சொல் என்னிடம் மட்டுமே இருக்கிறது.

காலை நடையில் பால் பூத் வரை போய்த் திரும்புவதற்குள் ஆறேழு பேர் நிறுத்துவார்கள். "அண்ணாச்சி, இதக் கொஞ்சம் போட்டுருங்க." சாவி கைமாறிவிட்டால் யாரும் நிறுத்த மாட்டார்கள். நடை சீக்கிரம் முடியும். உடம்புக்கு நல்லது. ஆகவே எனக்கு இதில் கவலை எதுவும் இல்லை.

ஆகஸ்ட் 7, புதன்

மூன்று மென்பொருள்களைப் பரிசோதனைக்கு எடுத்துக்கொண்டேன். அவற்றின் ஆங்கிலப் பெயர்களை என் நாட்குறிப்பில் எழுத மாட்டேன். பெரியவன், நடுவன், சின்னவன். போதும்.

என் தேர்வு முறை கடுமையானது. கேள்விகள் நூற்று நான்கு. நோக்கம், ஒருவனும் தேறக் கூடாது. "தகுதியான மென்பொருள் உலகில் இன்னும் எழுதப்படவில்லை" என்று அறிக்கை கொடுத்துவிட்டுப் பழைய வேலையைத் தொடர்வதாக உத்தேசம்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

பெரியவன் தேறவில்லை. அவனிடம் இல்லாதது எதுவுமில்லை என்பதே குறை. பூங்காவுக்குப் பூட்டுப் போடப்போகிறோம் என்று அறிவிக்க ஒரு கப்பல் எதற்கு?

ஆகஸ்ட் 14, புதன்

நடுவன் தேறவில்லை. காரணம் அப்புறம் யோசித்து எழுத வேண்டும்.

ஆகஸ்ட் 17, சனி

சின்னவனைக் காலையிலேயே தீர்த்துக்கட்டிவிட்டேன். நம் எழுத்தில் நீளமான தலைப்புக் கொடுத்தால் முகப்பில் பாதியில் வெட்டுகிறான். வெட்டட்டும், ஆனால் எழுத்தின் நடுவில் வெட்டுகிறான். கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம், ஒற்றைப் புள்ளி அந்தரத்தில். தமிழ் தெரிந்த எவனாலும் சகிக்க முடியாது. நூற்று நான்காம் கேள்விக்குச் சுழியம்.

கோமதி என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தாள்.

"இத செஞ்சவங்களுக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சா இப்படி வச்சிருப்பானா?"

"அப்ப சொல்லுங்க. சொல்லாம மார்க்கு மட்டும் குறைச்சா எப்படி?"

எழுதினேன். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஆங்கிலத்தில், பதினெட்டு வரி. அதில் ஆறு வரி கண்டனம்.

அவள் வேறொன்றும் கேட்டாள். "இந்தப் பொத்தான அமுக்கினா என்ன ஆவும்?" "உனக்கு எதுக்கு?" என்றேன். "சும்மாதான்" என்றாள். சும்மா கேட்கிற பெண்ணுக்கு ஒன்பது கேள்வி.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

பதில் வந்திருக்கிறது. முகம் தெரியாத ஒரு பெண்மணி. எந்த நாடென்றும் தெரியவில்லை, பெயர் லியேனா. நான் சொன்னது முழுக்கச் சரி என்றும், இதே கோளாறு மலையாளத்திலும் கன்னடத்திலும் இருந்திருக்கிறது, எவரும் சொல்லவில்லை என்றும் எழுதியிருக்கிறார். கண்டனம் செய்த ஆறு வரிக்கும் நன்றி சொல்லியிருக்கிறார்.

நன்றியெல்லாம் எனக்குப் பழக்கமில்லாத பண்டம். கணினியை மூடிவிட்டு மோட்டார் சுவிட்சைப் பழுது பார்த்தேன். சுவிட்ச் நன்றாகத்தான் இருந்தது.

ஆகஸ்ட் 24, சனி

சின்னவனின் புதிய பதிப்பு வந்தது. எழுத்தை முழுசாக விடுகிறான்.

இதைச் செய்தவர்கள் கூடவே ஒரு கோப்பு வைத்திருக்கிறார்கள். இதுவரை கைகொடுத்த எல்லார் பெயரும் அதில் வரிசையாக இருக்கிறது. ஒருவன் ஒரே ஒரு காற்புள்ளியைத் திருத்தியிருக்கிறான், அவன் பெயரும் இருக்கிறது. 313ஆவது பெயர்: ஆவுடைநாயகம், பாளையங்கோட்டை.

இதில் பெரிய விஷயம் ஒன்றுமில்லை. அச்செடுத்து வைத்தேன், காகிதம் வீணாகக் கிடந்தது.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

அறிக்கை தயார். "மூன்றையும் நடுநிலையோடு ஆராய்ந்ததில் சின்னவனே தகுதியானவன். காரணங்கள் பத்து." பத்தும் தொழில்நுட்பக் காரணங்கள்.

இதனால் நான் இறங்கி வந்துவிட்டேன் என்று எவரும் நினைக்க வேண்டாம். வேறு திட்டம் இருக்கிறது. அது இந்தச் செயற்குழுவின் குணத்தை நம்பிய திட்டம். பழைய தளத்தை ஒரு பக்கமாக மடித்து வைத்திருக்கிறேன். பத்தே நிமிடத்தில் திரும்பக் கொண்டுவரலாம்.

செப்டம்பர் 1, ஞாயிறு

கூட்டத்துக்கு நான் போவதில்லை என்பதால் கூட்டம் என் வீட்டுக்கு வந்தது. பதினோரு பேர். கோமதி இருந்த இடத்தில் இருந்தபடியே பதினோராவது உறுப்பினர் ஆனாள். அவள் போட்ட காப்பியைக் குடித்துவிட்டு ஆரம்பித்தார்கள்.

சின்னவனில் ஐந்து படிகள் உண்டு. நிர்வாகி எல்லாம் செய்யலாம், ஆளையே நீக்கலாம். அடுத்து பதிப்பாசிரியர். அதற்கும் கீழே எழுத்தாளர். பங்களிப்பாளர் எழுதலாம், ஆனால் வேறொருவர் பார்த்துத்தான் வெளியிட வேண்டும். கடைசி ஆள் வாசகர். இதை விளக்கிவிட்டு, யாருக்கு எந்தப் படி என்று கேட்டேன்.

"தலைவருக்கு நிர்வாகி. அதுல கேள்வியே இல்ல" என்றார் தலைவர் இசக்கிமுத்து. இசக்கிமுத்துவுக்கு வயது அறுபத்துநாலு, மீசைக்கு நாற்பது. தினமும் சாயம்.

"செய்தி எழுதப் போறது நான். நான் பதிப்பாசிரியரா இருந்துக்கிட்டு தலைவர்கிட்ட கைகட்டி நிக்கணுமா?" என்றார் ஜெபராணி டீச்சர்.

"கைகட்ட வேண்டாம் டீச்சர். சொன்னா போதும், நான் அமுக்கிருதேன்."

"முப்பது வருசம் நான் சொல்லித்தான் மத்தவங்க செஞ்சாங்க, சார்."

துணைத்தலைவர் மைதீன் பிச்சை மெத்தைக் கடை வைத்திருப்பவர், என் நாற்பது வருடக் கூட்டாளி. அவர் என் பக்கம் திரும்பினார். "ஓய் ஆவுடை, இந்தப் பங்களிப்பாளர்னா என்ன? நம்ம எழுதி வச்சிட்டு இவரு எப்ப ஓக்கே பண்ணுவாருன்னு பாத்துக்கிட்டு இருக்கணுமோ?"

"அப்படித்தான்."

"அப்ப எனக்கும் நிர்வாகிதான்வே. என் கடையிலயே நான் அப்படி நின்னது கெடையாது."

அதற்குப் பிறகு எளிதாக முடிந்தது. ஒருவருக்குக் கொடுத்து இன்னொருவருக்கு மறுக்க முடியுமா? நான்காம் தெரு உறுப்பினருக்கு நிர்வாகி என்றால் மூன்றாம் தெரு என்ன மட்டமா? பதினோரு பேரும் நிர்வாகி என்று ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. எட்டு ஆண்டில் இந்தச் சங்கத்தில் ஏகமனதாக நிறைவேறிய ஒரே தீர்மானம்.

ஒரு கணினியில் இத்தனை நிர்வாகிகள் இருந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். யாரும் கேட்கவில்லை. கேட்காததைச் சொல்லும் வழக்கம் எனக்கு 2016லேயே நின்றுவிட்டது.

பன்னிரண்டாவதாக என் பெயரையும் நிர்வாகியாகச் சேர்த்துக்கொண்டேன். அதைக் கணக்கில் எடுக்க வேண்டியதில்லை. கோவிலில் சாமியைக் கூட்டத்தோடு சேர்த்து எண்ணுவதில்லை.

எல்லாரும் போனபின் கோமதி டம்ளர்களை எடுத்துக்கொண்டே கேட்டாள். "உங்களுக்கு உள்ளூரச் சிரிப்பா இருக்குல்லா?"

"இல்லையே."

"காது ரெண்டும் சிரிக்கி."

செப்டம்பர் 8, ஞாயிறு

புதிய தளம் திறப்பு விழா. பிற்பகலில் தலைவர் முகப்பில் தன் படத்தைப் போட்டார். போனில் நெற்றியில் ஆரம்பித்து விரலால் தள்ளினால் மூன்றாம் தள்ளலில்தான் மீசை வருகிறது.

செப்டம்பர் 9, திங்கள்

டீச்சர் அந்தப் படத்தை எடுத்துவிட்டு "நமது நகரில் மரங்கள்" என்று கட்டுரை போட்டார். தலைவர் தன்னுடைய வாழ்த்துரையைப் போட்டார். அதன் கீழே டீச்சர் எழுதியது: "நடை சுமார். பிழைகள் பதினான்கு. 10க்கு 4."

செப்டம்பர் 10, செவ்வாய்

பூங்காவின் வாசல் கிழக்கிலா வடக்கிலா என்று மைதீன் வாக்கெடுப்பு வைத்தார். வடக்குக்கு வாக்குக் கூடியதும் தலைவர் வாக்கெடுப்பையே அழித்தார். தளத்தின் நிறம் காலையில் நீலம், மதியம் பச்சை, மாலையில் கண்ணைக் குத்தும் ஊதா. நான்காம் தெருக்காரர் தன் தெருவை முதல் தெரு என்று மாற்றிவிட்டார்.

காலை நடையில் ஒருவரும் என்னை நிறுத்தவில்லை. எல்லாரும் குனிந்து போனைப் பார்த்துக்கொண்டு போனார்கள். நடை இருபது நிமிடத்தில் முடிந்தது.

செப்டம்பர் 11, புதன்

தலைவர் வாட்ஸ்அப் குழுவில் கேட்டார். "அண்ணாச்சி, ஒரு ஆளை தளத்துல இருந்து நீக்குவது எப்படி?" குழுவில் கேட்டதால் பொதுவிலேயே பதில் சொல்வதுதான் முறை. எட்டுப் படிகளாக, படம் போட்டு விளக்கி அனுப்பினேன். பதினோரு பேரும் பார்த்ததற்கு நீல டிக் விழுந்தது.

ஏழாம் படி: "நீக்கப்படுபவர் எழுதியவற்றை என்ன செய்வது என்று கேட்கும். முதல் தெரிவை அழுத்தவும்." முதல் தெரிவு அழித்துவிடும், இரண்டாவது வேறொருவர் பெயருக்கு மாற்றிக் காப்பாற்றும். எது நல்லது என்று யாரும் கேட்கவில்லை.

செப்டம்பர் 13, வெள்ளி

நிலவரம்: நேற்றுக் காலை பதினொன்று. நேற்று மாலை ஒன்பது. இன்று காலை ஆறு. மைதீனைத் தலைவர் தூக்கினார். அதற்குமுன் மைதீன் மூன்று பேரைத் தூக்கியிருந்தார், அதில் ஒருவரைப் பெயர் தெரியாமல். இன்று மதியம் பன்னிரண்டரைக்கு டீச்சரைத் தலைவர் தூக்கினார். நாலு மார்க்குக்குப் பழி.

மைதீன் போனில் கூப்பிட்டார். "ஓய், என்னயத் தூக்கிட்டானுவவே!"

"தெரியும்."

"நீரு சிரிக்கீரா?"

"காப்பி குடிக்கேன்."

டீச்சரோடு சேர்ந்து டீச்சர் எழுதிய எல்லாமே போய்விட்டது. மரங்கள் கட்டுரை, மதிப்பெண்கள், ஞாயிற்றுக்கிழமை மேல்நிலைத் தொட்டி கழுவுவதால் சனி மாலையே தண்ணீர் பிடித்து வைக்கவும் என்ற அறிவிப்பு. வாட்ஸ்அப் குழுவில் அதைச் சொல்ல இடமில்லை. அங்கே நேற்றிலிருந்து நானூறு செய்திகள், எல்லாம் வசவு.

நான் பார்த்தேன். பார்த்தேன் என்று மட்டும் எழுதி வைக்கிறேன்.

செப்டம்பர் 14, சனி

இடுப்பு லேசாக வலிக்கிறது. நிலவரம்: மூன்று. வேறு எழுத ஒன்றுமில்லை. திங்கட்கிழமை எல்லாரும் என்னிடம் வருவார்கள்.

செப்டம்பர் 15, ஞாயிறு

காலை ஏழு மணிக்குத் தொட்டியைக் காலி செய்துவிட்டார்கள். மூன்றாம் தெரு செண்பகவல்லியின் மகளுக்கு இன்று நிச்சயதார்த்தம். அம்பாசமுத்திரத்திலிருந்து அறுபது பேர் வந்து இறங்கினார்கள். வீட்டில் கைகழுவத் தண்ணீர் இல்லை. மாப்பிள்ளையின் அத்தை, வந்த வாசலிலேயே நின்றுகொண்டு, "பொண்ணு வீட்டுல சொம்புத் தண்ணிக்கு வக்கில்லையோ?" என்று கேட்டதாகச் சொன்னார்கள். செண்பகவல்லி அடுக்களைக்குள் போய் அழுதிருக்கிறாள்.

எங்கள் வீட்டில் கிணறு உண்டு. நான் ஏழு குடம் தூக்கினேன். அதை எழுத வேண்டிய அவசியமில்லை, இடுப்பு வலி கூடியதற்குக் காரணம் தெரிய வேண்டும் என்பதற்காக எழுதினேன். கோமதி எத்தனை குடம் தூக்கினாள் என்று எண்ணவில்லை.

நிச்சயம் நல்லபடியாக முடிந்தது.

வீட்டுக்கு வந்து கோமதி ஈரச் சேலையோடு நின்றாள்.

"அந்த அறிவிப்பு போனது உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"எந்த அறிவிப்பு?"

அவள் சேலை நுனியைப் பிழிந்தாள். கடைசியில், "வெள்ளிக்கிழம" என்றேன்.

"வெள்ளிக்கிழமையா." அவ்வளவுதான் சொன்னாள். தன் போனை எடுத்துக்கொண்டு முற்றத்துக்குப் போய் உட்கார்ந்தாள். யாருக்கோ பேசப்போகிறாள் என்று நினைத்தேன். பேசவில்லை. அரை மணி நேரம் விரலால் என்னவோ செய்துகொண்டிருந்தாள்.

மாலை. தளத்துக்குள் போகப் பார்த்தேன். என் பெயர் இல்லை என்கிறது. தலைவர் என் மேலேயே கை வைத்துவிட்டார்! 2016ஐ மன்னித்தாலும் இதை மன்னிக்க மாட்டேன்.

செப்டம்பர் 16, திங்கள்

தலைவர் வீட்டுக்கே போனேன். எட்டு வருடத்தில் முதல் முறை. வாசலிலேயே நின்று கேட்டேன்.

"என்னய நீக்கிட்டீரோ?"

"அண்ணாச்சி! என்னயவே நீக்கிட்டாவ! நீங்கதான்னுல்லா நெனச்சேன்!"

அங்கேயே டீச்சரும் மைதீனும் இருந்தார்கள். நேற்றுவரை ஒருவரை ஒருவர் துரத்தியவர்கள் ஒரே சோபாவில் உட்கார்ந்து முறுக்கு தின்றுகொண்டிருந்தார்கள். தளத்துக்குள்ளே யாருக்கும் கதவு திறக்கவில்லை. அப்படியென்றால் மிச்சம் யார்?

தளம் நிற்கும் கணினியின் சாவி, அந்தப் பழைய கடவுச்சொல், இன்னும் என்னிடம்தான். அதை வைத்துத் தலைவர் வீட்டுக் கணினியிலேயே பதிவேட்டைத் திறந்தேன். யார், யாரை, எந்த நிமிடத்தில் நீக்கினார் என்று சின்னவன் எழுதி வைத்திருப்பான். நாலு பேரும் தலையை நீட்டிப் பார்த்தோம்.

ஞாயிறு 2.10. நீக்கப்பட்டவர்: நான்காம் தெரு உறுப்பினர். ஞாயிறு 2.14. நீக்கப்பட்டவர்: இசக்கிமுத்து. ஞாயிறு 2.15. நீக்கப்பட்டவர்: ஆவுடைநாயகம். நீக்கியவர் மூன்று இடத்திலும் ஒருவரே.

கோமதி.

"மைனியா!" என்றார் மைதீன். முறுக்கு தொண்டையில் சிக்கி இருமினார். "நாங்க யாரும் அவியளத் தூக்கணும்னு நெனக்கவே இல்லவே. அவிய அதத் திறக்கவே மாட்டாவன்னுல்லா இருந்தோம்!"

டீச்சர் இன்னும் பதிவேட்டையே படித்துக்கொண்டிருந்தார். "மூணு பேரையும் நீக்கும்போது இரண்டாவது தெரிவத்தான் அழுத்தியிருக்காங்க. எழுதினதெல்லாம் பத்திரமா இருக்கு" என்றார். குரலில் பத்துக்குப் பத்து தெரிந்தது.

செப்டம்பர் 17, செவ்வாய்

"ஏன் என்னயத் தூக்கின?"

"எல்லாரையும் தூக்கிட்டு உங்கள மட்டும் விட்டா ஊரு என்ன சொல்லும்? புருசன்னு விட்டுட்டான்னு சொல்லாதா? ஒரு நியாயம் வேண்டாமா?"

"இதெல்லாம் எங்க படிச்ச?"

"நீங்கதான் எட்டுப் படியா எழுதி அனுப்பிச்சியளே. ஏழாவது படிய மட்டும் நான் கேக்கல."

மாலையில் செயற்குழு கூடியது. கோமதி சொன்னதைக் கேட்டுக்கொண்டார்கள். இனி ஒரே நிர்வாகி, அது அவள். மற்ற எல்லாரும் பங்களிப்பாளர். எழுதலாம், அவள் பார்த்து வெளியிடுவாள். தலைவருக்கு டீச்சரிடம் இருப்பதைவிட கோமதியிடம் இருப்பது மேல். டீச்சருக்குத் தலைவரிடம் இருப்பதைவிட. மைதீனுக்கு யாரிடம் இருந்தாலும் சரி, தன்னைத் தூக்கியவரிடம் இருக்கக் கூடாது. நிறைவேறியது. ஏகமனதாக என்று எழுத மாட்டேன். நான் உறுப்பினர் இல்லாததால் என் எதிர்ப்பைப் பதிவு செய்ய இடமில்லை. இங்கே பதிவு செய்கிறேன்.

செப்டம்பர் 19, வியாழன்

கோமதி கணினியின் சாவியைக் கேட்டாள். கொடுக்க மாட்டேன் என்றேன். "சரி" என்றாள்.

இந்தச் "சரி"க்குப் பதிலாகச் சண்டை போட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

செப்டம்பர் 20, வெள்ளி

முடிவு செய்துவிட்டேன். பழைய தளத்தை எழுப்புவது பத்து நிமிட வேலை. காலை பத்து மணிக்கு உட்கார்ந்தேன். கடைசியாக ஒருமுறை சின்னவனைப் பார்த்துவிடுவோம் என்று திறந்தேன்.

முகப்பில் தண்ணீர்ப் பட்டியல் பெரிய எழுத்தில். கீழே செண்பகவல்லி மகள் கல்யாண நாள். அதற்கும் கீழே நகர்வாசிகள் தாங்களே எழுதியனுப்பிய அறிவிப்புகள், முப்பதுக்கு மேல். தையல் வகுப்பு, காணாமல் போன பூனை, இரண்டாம் தெருவில் ஆறு மாதமாகப் படுத்திருக்கும் ஒருவர், "பேச்சுத் துணைக்கு யாராவது வந்தால் நல்லது" என்று எழுதிய மூன்று வரி. இந்தப் பதினாறு வருடத்தில் அவர் என்னிடம் ஒரு வரி கொடுத்ததில்லை. என்னிடம் கேட்கப் பயமாக இருந்திருக்கலாம். அல்லது வேறு காரணம் இருக்கலாம்.

தண்ணீர்ப் பட்டியலில் ஐந்தாம் தெருவுக்குச் சனிக்கிழமை என்று இருந்தது. தவறு. வெள்ளி. அதாவது இன்று. ஐந்தாம் தெருவில் நாற்பது வீடு.

என்னால் அதைத் தொட முடியாது. நான் பங்களிப்பாளர். திருத்தம் எழுதினேன், கூடவே பொறுப்பில்லாமல் பட்டியல் போடுகிறவர்களைப் பற்றி ஒரு வாக்கியமும் எழுதி அனுப்பினேன். இரண்டு நிமிடத்தில் திரும்பி வந்தது. "கடைசி வாக்கியம் தேவையில்லை. நீக்கி அனுப்பவும். – நிர்வாகி." நிர்வாகி அடுத்த அறையில் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

நீக்க மாட்டேன் என்று இருந்தேன். மணி பத்தரை. பதினொன்றுக்கு ஐந்தாம் தெருவுக்கு வால்வு திறப்பார்கள்.

நீக்கி அனுப்பினேன். வெளியாகிவிட்டதா என்று ஒன்பது முறை பக்கத்தைப் புதுப்பித்துப் பார்த்தேன். வெளியானது. பதினொன்றுக்குள் ஐந்தாம் தெருவில் குடங்கள் சத்தம் கேட்டது.

பழைய தளத்தை எழுப்ப நேரமில்லாமல் போய்விட்டது.

செப்டம்பர் 22, ஞாயிறு

சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது கேட்டாள், குரலை உயர்த்தாமல்.

"நாளைக்கு உங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னு வைங்க. சாவி உங்க தலைக்குள்ள. இத்தன வீட்டுக்கும் தண்ணி என்னிக்கி வரும்னு யாரு சொல்லுவா?"

எனக்கு ஒன்றும் ஆகாது என்றேன். அவள் ரசம் ஊற்றினாள். எனக்கு ஒன்றும் ஆகாது என்று மறுபடியும் சொன்னேன். ரசத்தைக் குடித்துவிட்டு, எழுதிக்கொள் என்றேன்.

பதினாறு எழுத்துக்கு மேல். முதல் பாதியைச் சொல்லும்போதே அவள் பேனா நின்றது.

"என்னது?"

"நீ எழுது."

"இசக்கிமுத்து ஒரு..." முழுதும் எழுதிவிட்டு, அதன் பின்னால் 2016 என்றும் எழுதிவிட்டு, சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். "எட்டு வருசமா தெனமும் காலையில எழுந்திரிச்சு இதத்தான் அடிச்சியளா!"

"மனசுக்கு இதமா இருந்துச்சு" என்றேன்.

"மாத்தணும்."

"மாத்து."

மாற்றினாள். கணினியை என் பக்கம் திருப்பாமலே மாற்றினாள். புதுசு என்ன என்று கேட்டேன்.

"உங்களுக்கு எதுக்கு?" என்றாள்.

செப்டம்பர் 25, புதன்

காலை நடையில் ஒருவர் நிறுத்தினார். "அண்ணாச்சி, மைனிகிட்டச் சொல்லி இதக் கொஞ்சம் போடச் சொல்லுங்க." காகிதத்தை வாங்கி வைத்துக்கொண்டேன். பால் பூத் போவதற்குள் நாலு காகிதம் சேர்ந்தது. இந்த வயதில் தபால்காரர் உத்தியோகம்.

நடை நாற்பது நிமிடம் ஆனது.

செப்டம்பர் 29, ஞாயிறு

கடவுச்சொல்லைக் கண்டுபிடிப்பது உரிமைப் பிரச்சினை அல்ல, பாதுகாப்புச் சோதனை. அவள் எளிதான எதையாவது வைத்திருந்தால் நான்தானே எச்சரிக்க வேண்டும்? அவள் பிறந்த நாள், எங்கள் கல்யாண நாள், அவள் அப்பா பெயர், அவள் அப்பா என்னைப் பற்றிச் சொன்ன ஒரு சொல் என்று வரிசையாகப் போட்டுப் பார்த்தேன். எதுவுமில்லை. பத்தாவது முறையில் திரை சிவந்தது.

"பலமுறை தவறாக உள்ளிட்டதால் நீங்கள் தடுக்கப்பட்டுள்ளீர்கள். உங்கள் நிர்வாகியைத் தொடர்புகொள்ளவும்."

நிர்வாகி செயற்குழுக் கூட்டத்துக்குப் போயிருந்தாள். வருவதற்கு மதியம் ஆகுமாம். நாலு விசில் வந்ததும் குக்கரை அணைத்துவிடச் சொல்லியிருந்தாள்.

மூன்று வந்துவிட்டது.